நடு ரூமில் கேட்ட கொலுசு

போன மாதம், நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. குழந்தைகள் பிரிவில் புதிதாக ஓர் இடைநிலை சிகிச்சைப் பிரிவு திறக்கிறார்களாம்; பழைய ஆட்களும் வந்து பார்க்க வேண்டுமாம். போனேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு திரை. குழந்தையின் இதயத் துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எல்லாம் எண்களாக ஓடுகின்றன. ஏதாவது ஓர் எண் இறங்கினால் போதும், பெட்டி கத்த ஆரம்பித்துவிடும்.

என்னைச் சுற்றிக் காட்டிய நர்ஸுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கெட்டிக்காரப் பெண். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்துல எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. இரக்கப்படும்படியாக நாங்கள் ஒன்றும் வேலை பார்க்கவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிடும் மானிட்டர் எங்களிடமும் இருந்தது. அதை யார் கொடுத்தார்கள், அது வருவதற்குமுன் நான் செய்த காரியம் என்ன என்பதையெல்லாம் காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். அப்பா கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்தார். எங்கள் தெருவிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்பதை இன்றைக்கும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். அப்பா தடுக்கவும் இல்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை. பயிற்சி முடிந்து வீட்டிலிருந்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்த அன்று கொல்லைக் கிணற்றடியில் எனக்கென்று தனியாக ஒரு வாளி வாங்கி வைத்தார். அந்த வாளியில் இறைத்துத் தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் காலடி. மழையானாலும் ஜுரமானாலும் விலக்கு கிடையாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டோம், படுக்கை விரிப்பை மூலை பிசகாமல் மடித்தோம், திட்டு வாங்கினோம். ஒருநாள் தலையில் தொப்பியை வைத்து அனுப்பிவிட்டார்கள். காவிரியில் பெரிய வெள்ளம் வந்து திருச்சிக்குள் தண்ணீர் புகுந்ததே, அதற்கு அடுத்த வருஷம் என்னைக் குழந்தைகள் வார்டில் போட்டார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போவேன், வருவேன்.

அந்த வார்டின் ஒரு கோடியில் ஆக்சிஜன் ரூம். உயிருக்குப் போராடும் குழந்தைகள் அங்கே; ஆளுக்கொரு நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். மறு கோடியில் பெரிய வார்டு. நாற்பது கட்டில், இரண்டு நர்ஸ். ஆக்சிஜன் ரூமில் பிழைத்த குழந்தையைப் பெரிய வார்டுக்கு மாற்றுவது வழக்கம். அங்கே கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும் குழந்தை மறுபடி மோசமானால் யார் கண்ணிலும் படாது. இப்படிச் சில குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, எங்கள் குழந்தை டாக்டர் இரண்டுக்கும் நடுவில் இருந்த சாமான் அறையைக் காலி பண்ணச் சொல்லி ஆறு கட்டில் போட வைத்தார். ஆறு குழந்தைக்கு ஒரு நர்ஸ். புத்தகத்தில் அதற்கு ஏதாவது பெயர் இருந்திருக்கும். நாங்கள் நடு ரூம் என்றோம்.

"பாதிக் கிணறு தாண்டின புள்ளைங்கம்மா இதுங்க" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார் ஹெட் சிஸ்டர் அருள்மேரி. "தாண்டிட்டான்னு நாம நெனச்சுக்கக் கூடாது. பாதி தாண்டினவன் கிணத்துக்குள்ளதான் கெடப்பான்."

அருள்மேரி சிஸ்டர் பாலக்கரைக்காரர். ஒல்லியான உடம்பு. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு நடப்பார்; வருவது தெரியாது. மார்பில் தலைகீழாகக் குத்திய கடிகாரம், கையில் சீவிய பென்சில். அவர் வார்டுக்குள் நுழைந்ததும் நாங்கள் எழுதி வைத்த தாளைப் பார்க்க மாட்டார். முதலில் குழந்தையைப் பார்ப்பார், பிறகு குழந்தையின் கட்டிலுக்கு அடியில் பார்ப்பார், கடைசியில்தான் தாளுக்கு வருவார். தாளும் குழந்தையும் ஒத்துப்போகாவிட்டால் பென்சிலால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு. அவ்வளவுதான். தாய்மார்கள் எதிரில் ஒரு நர்ஸை அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. "துணி ரூமுக்குக் கொஞ்சம் வாங்க" என்பார். விரிப்புகளும் போர்வைகளும் அடுக்கிய சின்ன அறை அது. கதவைச் சாத்திக்கொண்டு அங்கே அவர் மெல்லிய குரலில் பேசும் ஐந்து நிமிஷத்துக்கு, நடுத்தெருவில் நிறுத்தி அடித்திருந்தால் தேவலை. பெரிய பெரிய சிஸ்டர்களெல்லாம் அந்த அறையிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். நானும் வந்திருக்கிறேன்.

நடு ரூமுக்கு வந்த குழந்தைகளில் எங்கள் உயிரை அதிகம் வாங்கியவர்கள் தொண்டையில் குழாய் வைத்த குழந்தைகள். அப்போது தொண்டை அடைப்பான் நோய் சர்வ சாதாரணம். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒரு படலம் வளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே துளை போட்டு, வளைந்த உலோகக் குழாய் ஒன்றை வைப்பார்கள். குழந்தை அதன் வழியாக மூச்சு விடும். நோய் தணிந்த பிறகும் சில வாரம் குழாய் இருக்கும். அந்தச் சில வாரம் எங்கள் பொறுப்பு.

குழாய் உண்மையில் இரண்டு குழாய். வெளிக்குழாய் கழுத்தோடு நாடாவால் கட்டியிருக்கும். கட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் கட்டு தளர்வு, எதுவும் நுழையாவிட்டால் இறுக்கம். அதற்குள் இருக்கும் உள்குழாயைத் திருகி வெளியே எடுக்கலாம். இரண்டு மணிக்கொரு தரம் அதை எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் போட்டு, துணித் திரியை உள்ளே விட்டு இழுத்துச் சளியைக் கழுவி, கொதிக்க வைத்து, ஆற வைத்து, மறுபடி மாட்டுவோம். குழாய் வாயில் ஈரத் துணி இரண்டு மடிப்பு போட்டு வைப்போம். துணி காய்ந்தால் சளி காயும், சளி காய்ந்தால் பிசினாகும், பிசின் அடைத்தால் குழந்தைக்கு நாம் வைத்திருப்பது இரண்டே நிமிஷம். கட்டில் தலைமாட்டில் மூன்று பொருள் எப்போதும் இருக்க வேண்டும்: சளி உறிஞ்சும் ரப்பர் குழாய், மாற்றுக் குழாய், துளையை விரித்துப் பிடிக்கும் இடுக்கி. இதில் ஒன்று இடம் மாறியிருந்தாலும் துணி ரூம்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். துளை குரல்வளைக்குக் கீழே இருப்பதால், காற்று குரல்வளைக்குப் போகாது. குழந்தைக்குக் குரல் இருக்காது. அழும், வாய் திறந்திருக்கும், முகம் சுருங்கும், கண்ணீர் ஓடும். சத்தம் மட்டும் வராது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று முழங்கையை மடக்க முடியாதபடி அட்டை வைத்துக் கட்டியிருப்போம். ஆக, கூப்பிட வாயும் இல்லை, தட்டக் கையும் இல்லை. நான் அந்த அறைக்கு வந்த புதிதில் இந்தக் குழந்தைகளை "நல்ல அமைதியான குழந்தைகள்" என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பூங்கொடி வந்தது அந்த வருஷம் மார்கழியில். திருவெள்ளறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், மூன்று வயது. அம்மா பெயர் அஞ்சலை. வயல் வேலைக்குப் போகிறவள், இதற்கு முந்தின இரண்டு பிள்ளைகளையும் தக்க வைத்துக்கொள்ள முடியாதவள். குழந்தைக்கு மூச்சு அடைத்த அன்று, பஸ் சமயபுரத்தைத் தாண்டும்போது, பிள்ளை பிழைத்தால் காலில் கிடக்கும் வெள்ளிக் கொலுசைக் கழற்றி உண்டியலில் போடுவதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். அதுவரைக்கும் கழற்ற மாட்டேன் என்று சாதித்தாள். ஆபரேஷன் அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கொலுசோடேயே பூங்கொடி நடு ரூமுக்கு வந்து சேர்ந்தாள்.

நடு ரூமில் தாய்மார்களுக்கு இடமில்லை. பால் கொடுக்கும் நேரம் தவிர வெளி வராந்தாவில்தான் இருக்க வேண்டும். எட்டிப் பார்த்தால் வாட்ச்மேன் விரட்டுவார். அஞ்சலை இரண்டாம் நம்பர் கட்டிலுக்கு நேராக ஜன்னலுக்கு அடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளால் எனக்கு ஒரு தொல்லை. நான் ஐந்தாவது கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலிலிருந்து குரல் வரும்: "சிஸ்டரம்மா, புள்ளைக்குச் சளி கட்டுதுங்க." போய்ப் பார்த்தால் கட்டியிருக்கும். இன்னொரு நாள்: "சிஸ்டரம்மா, புள்ள துணிய நனைச்சுட்டாளுங்க." நனைத்திருக்கும். திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள், தான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றாள். நம்பவில்லை.

ஒரு புதன்கிழமை வாராந்திரச் சோதனைக்கு வந்த அருள்மேரி சிஸ்டர் போர்வையை விலக்கினார். கொலுசு கண்ணில் பட்டது. பென்சிலால் ஒரு தட்டு. வாசலுக்கு மேலே தகரப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது: குழந்தைகளுக்கு நகை அணிவிக்கக் கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. நகை திருட்டுப் போகும், இடுக்கில் அழுக்கு சேரும், குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். சிஸ்டர் என்னைப் பார்த்துப் பலகையைப் பார்த்தார்.

நான்தான் கழற்றினேன். திருகு இறுகிப் போயிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டு நெகிழ்த்தினேன். பூங்கொடி சத்தமில்லாமல் அழுதாள். இரண்டு கொலுசையும் ஜன்னல் வழியாக அஞ்சலையிடம் கொடுத்தேன். வேண்டுதலைப் பற்றி அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேண்டுதலைப் பற்றிப் பேசவே இல்லை.

"இது இல்லேன்னா அவ அழுவுறது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் இருக்கிறோமே என்று ஏதோ படித்தவள் மாதிரி பதில் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் மதியம் ஒன்றரை மணி. ஷிஃப்ட் மாறும் நேரம். மேஜையருகில் நின்று, அடுத்து வந்த நர்ஸிடம் ஒவ்வொரு குழந்தையாக ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். கட்டில்கள் எனக்குப் பின்னால். இரண்டாம் நம்பரின் உள்குழாயை ஒரு மணிக்குக் கழுவி மாட்டியிருக்கிறேன், குழந்தை அமைதியாக இருக்கிறது என்று சொன்னேன். எனக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில் அந்தக் குழந்தை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது.

திடீரென்று ஜன்னல் கம்பியில் கலீர் கலீர் என்று சத்தம். திரும்பினேன். அஞ்சலை எழுந்து நின்று உள்ளே பார்த்தபடி, முந்தானை முடிச்சோடு கொலுசைக் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. கட்டிலைப் பார்த்தேன். பூங்கொடியின் இரண்டு குதிகாலும் படுக்கையை மாறி மாறித் தள்ளின. முகம் நாவல் பழ நிறத்தில் இருந்தது. ஈரத் துணி குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

துணியை எடுத்து எறிந்தேன். உள்குழாயைத் திருகி உருவினேன். அது சுத்தமாக இருந்தது. அடைப்பு அதற்கும் கீழே. ரப்பர் குழாயை விட்டேன், பாதியில் முட்டியது. இரண்டு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு மறுபடி விட்டேன். அடுத்த நர்ஸ் காலால் மிதிக்கும் பம்பை மிதித்தாள். வரவில்லை. இனி வெளிக்குழாயையே எடுக்க வேண்டியதுதான் என்று இடது கையில் இடுக்கியை எடுத்துக்கொண்டு, கடைசியாக ஒரு தரம் விட்டு இழுத்தேன். கருவேலம் பிசின் மாதிரி ஒரு கட்டி ரப்பர் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. குழாய் வழியாகக் காற்று சீறியது. ஒரு மூச்சு. அப்புறம் இன்னொரு மூச்சு. நகக் கண்ணில் சிவப்பு திரும்பும்வரை நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பூங்கொடி பிழைத்தாள். வேலையில் நான் குறை வைக்கவில்லை. மணிப்படி குழாய் கழுவினேன், துணி நனைத்தேன், விதிப்படி கொலுசைக் கழற்றினேன். எல்லாம் சரியாகச் செய்து ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தேன். அந்தக் குழந்தைக்கு மிச்சமிருந்தது கால் ஒன்றுதான். காலில் இருந்த குரலை என் கையால் சோப்புப் போட்டுக் கழற்றினேன். வராந்தாவுக்குப் போய் அஞ்சலையிடம் கேட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது எப்படி என்று. அவள், கொலுசு சும்மா சிலுசிலுவென்றால் விளையாட்டு, ஒற்றைக் காலால் விட்டு விட்டு வந்தால் ஈரம், இரண்டு காலும் அழுத்தினால் சளி என்று சொன்னாள். ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயத்தை நான் மட்டும் கேட்பது மாதிரி சொன்னாள்.

நேரே அருள்மேரி சிஸ்டரிடம் போனேன். அவர் டாக்டரோடு நின்றிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சிஸ்டர், துணி ரூமுக்குக் கொஞ்சம் வரீங்களா?" என்றேன்.

வார்டு அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் அவரை அந்த அறைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. டாக்டர் கூரையைப் பார்த்தார். சிஸ்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, முன்னால் நடந்தார். கதவைச் சாத்தியவர் அவர்தான்.

நடந்ததைச் சொன்னேன். என் தப்பை மறைக்கவில்லை. குழாய் வைத்த குழந்தைகளுக்குக் கொலுசு வேண்டும், அம்மாக்களும் உள்ளே இருக்க வேண்டும் என்றேன். சிஸ்டர் தன் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கொலுசில் அழுக்குச் சேராதா? குழாயோடு போட்டுக் கொதிக்க வைக்கலாம் என்றேன். சத்தம் கேட்பதற்காகவே குழந்தை உதைத்து விளையாடினால்? இந்த நோய் இதயத்தையும் தாக்கும், அலட்டிக்கொள்ளக் கூடாது. அம்மா பக்கத்தில் இருந்தால் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். கடைசியாகக் கேட்டார்: ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடினால் மற்ற ஐந்து குழந்தையை யார் பார்ப்பது? எது விளையாட்டு, எது ஆபத்து என்று சத்தத்திலேயே பிரிக்க முடியுமா?

"அஞ்சலையால முடியும் சிஸ்டர்."

"உன்னால?"

சிஸ்டர் பென்சிலை ஜேபியில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலைல பாத்துடுவோம்" என்றார்.

மறுநாள் கொலுசைக் கொதிக்க வைத்துப் பூங்கொடிக்கு மறுபடி மாட்டினோம். சிஸ்டர் தன் மேஜைக்கு அடியிலிருந்த ஸ்டூலைத் தானே தூக்கிவந்து நடு ரூமுக்குள் போட்டார். ஜன்னலருகே போய், "உள்ள வந்து உக்காரும்மா" என்றார். அஞ்சலை வாசல்படியில் பலகையைப் பார்த்துத் தயங்கி, அப்புறம் வந்தாள். அவளும் நானும் கட்டிலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். சிஸ்டர் குழந்தையைப் பார்த்தபடி நிற்பார். கொலுசு கேட்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பேசாமல் விரல் காட்ட வேண்டும். விளையாட்டுக்கு ஒன்று, ஈரத்துக்கோ பசிக்கோ இரண்டு, சளிக்கு மூன்று. சிஸ்டர் எழுதிக்கொள்வார். பரீட்சை ஒரு மணி நேரம் நடந்தது. என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் அப்படி வியர்த்ததில்லை.

முடிந்ததும் சிஸ்டர் தாளை எங்கள் எதிரில் வைத்தார். நான் மூன்று இடத்தில் கோட்டை விட்டிருந்தேன். ஒருமுறை சளியை விளையாட்டு என்று காட்டியிருந்தேன். அஞ்சலை ஒன்றுகூடத் தவறவில்லை. இன்னொன்றும் எழுதியிருந்தார்: அம்மா உள்ளே இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை உதைத்தது மிகவும் குறைவு. துணி ரூமில் நான் குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது.

"ஏம்மா, இந்தச் சிஸ்டருக்கும் கத்துக் குடுத்துடு. படிச்ச புள்ள, சீக்கிரம் வந்துடும்" என்றார் சிஸ்டர் அஞ்சலையிடம். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அஞ்சலை எனக்கு இரண்டு நாளில் கற்றுக் கொடுத்தாள். எனக்கு அடுத்து வந்த நர்ஸுகளுக்கும் கற்றுக் கொடுத்தாள். கண்ணை மூடச் சொல்லி, தப்பாகச் சொன்னால் "இல்லைங்க, இன்னொரு தரம் கேளுங்க" என்பாள். எல்லாக் குழந்தைக்கும் வெள்ளிக் கொலுசுக்கு எங்கே போவது? அடுத்த திங்கட்கிழமை சிஸ்டர் சின்னக்கடை வீதியில் சலங்கை மணி வாங்கிக்கொண்டு வந்தார். அவற்றை நாடாவில் கோத்துத் தைத்தோம். குழாய்களோடு சேர்ந்து மணிகளும் கொதித்தன. முதல் நாள் ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர், நாலா பக்கமும் மணிச் சத்தம் கேட்டு, வார்டில் என்ன சிஸ்டர் நாட்டியக் கச்சேரியா என்றார். "ஆமா டாக்டர். சத்தம் நின்னா ஓடி வாங்க" என்றார் சிஸ்டர். டாக்டர் அதற்கப்புறம் கேலி பண்ணவில்லை.

தாய்மார்களுக்கு ஆறு ஸ்டூல் வந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்கப் பட்ட பாடு தனிக் கதை. அதைப் பட்டவர் சிஸ்டர். அதன் பிறகு ஒன்பது வருஷம் நான் நடு ரூமில் இருந்தேன். எங்களுக்குத் தெரியாமல் ஒரு குழாயும் அடைத்துக்கொண்டதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எண்பதுகளில் தடுப்பூசி பரவலாகி, தொண்டை அடைப்பான் குழந்தைகள் வருவது படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கட்டில்களில் நிமோனியாக் குழந்தைகளும் தீக்காயக் குழந்தைகளும் படுத்தார்கள். மணிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஸ்டூல்களை மட்டும் யாரும் வெளியே போடவில்லை. புதிய பிரிவிலும் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. மெத்தை வைத்த நாற்காலி. காபி கொடுத்த பெண்ணுக்கு, அது அங்கே எப்படி வந்தது என்று தெரியாது.

பூங்கொடிக்குக் குழாய் எடுத்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். குழாயை ஒரேயடியாக எடுக்க மாட்டார்கள். முதல் நாள் துளையைப் பாதி மூடினார்கள். தாங்கினாள். மறுநாள் காலை டாக்டர் முழுக்க மூடினார். அறையில் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு திணறல், ஒரு முழிப்பு. அப்புறம் வாயைத் திறந்தாள். ஐந்து வாரமாகக் கேட்காத சத்தம், துருப்பிடித்த கதவு மாதிரி கரகரவென்று வந்தது. அழுகைதான். ஆனால் சத்தமான அழுகை. நானும் கூடவே அழுதேன், வெட்கமாக இல்லை. அஞ்சலை மட்டும் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் காலில் இருந்தது. கொலுசு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அஞ்சலை, மூஞ்சியப் பாரும்மா. கத்துறா பாரு" என்று சிஸ்டர் அவள் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தாள்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினோம். கழுத்தில் சின்னப் பஞ்சுக் கட்டோடு பூங்கொடி, கூட்டிப்போக வந்த அப்பாவின் தோளில் இருந்தாள். பஸ்ஸில் சமயபுரத்தில் இறங்கி வேண்டுதலை முடித்துவிட்டு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்குமுன் அஞ்சலை குழந்தையின் காலிலிருந்து இரண்டு கொலுசையும் கழற்றினாள். இந்தத் தடவை சோப்பு தேவைப்படவில்லை. குழந்தையின் கால் அவ்வளவு இளைத்திருந்தது. ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒத்தை ஆத்தாளுக்குங்க. ஒத்தை இந்த ரூமுக்கு. அடுத்து வர்ற புள்ளைக்குக் கட்டுங்க."

வேண்டிக்கொண்டது இரண்டையும் அல்லவா என்று கேட்டேன். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் பிள்ளை பெற்றவள்தானே என்றாள். நோயாளிகளிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. கொலுசை அப்படியே சிஸ்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். திருப்பிக் கொடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் அதை வாங்கி, காதருகில் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். நடு ரூம் வாசலுக்குப் போனார். அங்கே ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவியை மாட்டும் ஆணி ஒன்று இருந்தது. அவசரத்தில் யார் கைக்கும் எட்டுவதற்காக அடித்தது. சாவியோடு கொலுசையும் அதிலேயே மாட்டினார். அதற்கு நேர் மேலேதான் தகரப் பலகை.

"சிஸ்டர், மேல பலகை இருக்கே" என்றேன்.

அருள்மேரி சிஸ்டர் பலகையை அண்ணாந்து பார்த்தார், எழுதியிருப்பதை முழுக்கப் படிப்பவர் மாதிரி. பிறகு ஆணியைப் பார்த்தார்.

"அது நகைக்கு எழுதினது. இது நகையா?" என்றார். பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போனார்.